ஜன்னலோரம் ஆறிய கரி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வேலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில், இரண்டாவது மாடியில், ஆராய்ச்சி வழிகாட்டி சாவித்திரி மேடம் இன்பராஜுடைய ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தை மூடி அவன் பக்கமாகத் தள்ளினார்.

“இது நிக்காது இன்பராஜ். உன் மாடல் ஒண்ணு சொல்லுது, உன் அளவு வேற ஒண்ணு சொல்லுது. நடுவுல இவ்வளவு பெரிய பள்ளம். அதுக்கு ஒரு வரிகூட காரணம் எழுதல நீ.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பார்த்துர்றேன் மேடம்.”

“வெள்ளிக்கிழமை நாலு மணி. அதோட மூணாவது எக்ஸ்டென்ஷனும் முடியுது. நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வந்தா நீ என் ஸ்டூடண்டே இல்ல, விசிட்டர்.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். இன்பராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடம். பகலில் பேரணாம்பட்டுக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட் வேலை, மிச்ச நேரமெல்லாம் இந்த ஆராய்ச்சி. முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. இந்தப் பட்டம் கிடைத்தால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு மனுப் போடலாம். கிடைக்காவிட்டால் எட்டு வருடமும் கழிவுநீரோடு சேர்ந்து போக வேண்டியதுதான்.

அவன் அப்பா இருதயராஜ் இருபத்தெட்டு வருடம் அதே ஊரில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவர். கையெழுத்தை மட்டும் எழுதப் பழகிக்கொண்டவர். இன்பராஜ் கல்லூரியில் சேர்ந்தபோது தாசில்தார் அலுவலகத்தில் மூன்று நாள் நின்று ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் வாங்கி வந்தார். இந்த வம்சத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதம் அது. மற்றவர்களுக்கு அது சலுகைக்கான தாள். இருதயராஜ் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், “எங்க ஊட்ல இவன்தான் பஸ்ட்டு” என்பார். இன்பராஜ் எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கியதைவிட அந்தச் சட்டம்தான் அவருக்குப் பெரிது.

அவன் பிடித்த தலைப்பு, கரி எப்படி வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது. கொட்டாங்குச்சியைச் சுட்டெடுத்த கரி. பிடிக்க வேண்டிய வாயு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. தோல் கம்பெனிகளில் சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் கலக்கும் தொட்டியிலிருந்து கிளம்பி, இறங்கியவனை அந்த இடத்திலேயே சாய்த்துவிடும் வாயு. அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தான்.

கரி வெளியே பார்க்கத்தான் கட்டி. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளின் சுவரை ஒரு பலகைபோல வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மூலக்கூறு உட்காரலாம். இல்லையென்றால் அது காலி. இத்தனை கட்டங்களில் இத்தனை மூலக்கூறுகள் எத்தனை விதமாக உட்கார முடியும் என்று எண்ணி, உட்கார்ந்தால் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதையும் சேர்த்துவிட்டால் போதும். எந்த அழுத்தத்தில் எத்தனை கட்டம் நிரம்பும் என்று தராசைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

கட்டங்கள் மொத்தம் எத்தனை என்பதில் சந்தேகமே இல்லை. கல்லூரி உலையில் சுட்ட கரியை அங்கேயே நைட்ரஜன் மிஷினில் வைத்து அளந்தாகிவிட்டது. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடைக் கல்லூரிக்குள் திறக்கக் கூடாது என்று துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தப் பாதி வேலையைக் கம்பெனி லேபிலேயே செய்தான். அங்கே வாயுவை எச்சரிக்கும் கருவி உண்டு, புகைபோக்கி உண்டு. மேனேஜர் நயீம் அகமது நல்ல மனுஷர், “ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் பண்ணிக்கோ” என்று சாவியையே கொடுத்துவிட்டார்.

அங்கேதான் கணக்கு உதைத்தது. மாடல் நூறு கட்டம் நிரம்பும் என்றால், தராசு எண்பதில் நின்றுவிடும். அதைவிட மோசம் தொடக்கம். வாயுவை ஆசையாகப் பிடித்து இழுக்கும் கட்டங்கள் முதலில் நிரம்ப வேண்டும். கோடு சரசரவென்று ஏற வேண்டும். அவனுடைய கோடோ சோம்பேறி மாடு மாதிரி மெதுவாக எழுந்தது. நாற்பத்திரண்டு மாதிரிகளில் மூன்றே மூன்று மட்டும் மாடல் சொன்ன கோட்டில் போய் உட்கார்ந்தன. “இந்த மூணும் ஏதோ கைத்தப்பு, தூக்கிடு” என்று மேடம் இரண்டு வருடம் முன்பே சொல்ல, தூக்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி பிரிசில்லா ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது, அவன் கட்டிலில் காகிதங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் நாளெல்லாம் ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“இன்னாங்க, மூஞ்சி பேஜாராகீது. மேடம் திட்டினாங்களா?”

“திட்டினாக்கூட பரவால்ல. ஜோக்கடிச்சாங்க.”

“இன்னாதான் பிரச்சினை உங்க கரியில? எட்டு வருஷமா கேக்கறேன், ஒருநாளாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கீங்களா?”

அவன் சொல்லிப் பார்த்தான். “குடியாத்தம் பஸ்ஸுன்னு வெச்சுக்க. அறுபது சீட்டு. ஸ்டாண்டுல ஜனம் கம்மியா இருந்தா பத்துப் பேர் உட்காருவாங்க, ஜாஸ்தியா இருந்தா அறுபதும் ரொம்பிடும். ஜன்னல் சீட்டுத்தான் முதல்ல போவும். அதான் என் மாடல். ஆனா என் பஸ்ல எவ்ளோ கூட்டம் வந்தாலும் நாப்பத்தெட்டுப் பேர்தான் உட்கார்றாங்க. பன்னெண்டு சீட்டு காலியாவே கெடக்குது. அதுவும் ஜன்னல் சீட்டு.”

பிரிசில்லா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “காலியா இருக்காது. எவனாவது முன்னாடியே துண்டு போட்டிருப்பான்.”

“இன்னா?”

“ஆமா. பஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டு வெப்பானுங்களே. ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான், ஆனா சீட்டு கெடைக்காது. அதுக்காக நான் எத்தனை சண்டை போட்டிருக்கேன்.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்பராஜ் அப்படியே உட்கார்ந்திருந்தான். கல்லூரி உலையில் சுட்ட கரியைத்தானே மிஷினில் எண்ணினோம்? கம்பெனியில் ஈரம் போகத் திரும்பச் சூடாக்கி, ஆற வைத்த பிறகு அதே கரியை ஒருமுறையாவது எண்ணினோமா? இல்லை. கரி கரிதானே என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பேருந்தில் வேலூர் போனான். பையில் கம்பெனி லேபில் ஆற வைத்த கரி, மூடி போட்ட குப்பியில். நைட்ரஜன் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் நசீமுன்னிசா அக்கா அப்போதுதான் வந்து விசிறியைப் போட்டிருந்தார்.

“வாப்பா இன்பராஜு. டாக்டர் ஆகிட்டு ஸ்வீட்டோட வருவேன்னு பார்த்தா, திரும்பக் கரியோட வர்றே.”

“அக்கா, இன்னைக்கே ஒரு ரன் போட்டுக் குடுங்க. காலைப் புடிக்கிறேன்.”

“காலை உடு, கரியைக் குடு.”

குப்பியைத் திறந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “யா அல்லா! இன்னாத்த அடைச்சு எடுத்தாந்தே? முட்டை அழுவின நாத்தம்.”

இன்பராஜ் குப்பியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து இழுத்தான். “ஒண்ணும் இல்லியேக்கா. கரி வாசனைதான் வருது.”

“உனக்கு ஜலதோஷமா?”

“இல்லக்கா.”

“அப்ப மூக்கு இன்னாத்துக்கு இருக்குது உனக்கு, கண்ணாடி மாட்டறதுக்கா?”

மறுபடி இழுத்துப் பார்த்தான். எதுவும் இல்லை. அந்த வாயுவை நாள் முழுக்கச் சுவாசிக்கிறவனின் மூக்கு முதலில் அதைத்தான் மறக்கும். இது அவனுக்குத் தெரியாத விஷயமா? பயிற்சி வகுப்பில் கூலி ஆட்களுக்கு அவனே சொல்லிக் கொடுப்பது. ஆனால் அது தொட்டியில் இறங்குகிறவர்களைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தான். லேபில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிற, படித்த, மாடல் போடுகிற தன்னைப் பற்றியது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மிஷின் சொல்லிவிட்டது. பழைய எண்ணைவிடக் கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

அவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. சூடான கரியை ஈரம் படாமல் ஆற வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் கம்பெனி லேபில் முதல் வருடமே விரிசல் விட்டுவிட்டது. அதன்பிறகு தட்டில் பரப்பி ஜன்னல் திண்டில் வைப்பான், காற்றுக்குச் சீக்கிரம் ஆறும் என்று. அந்த ஜன்னலுக்குக் கீழே இருபதடியில் கழிவுநீர் சேரும் தொட்டி. காற்றில் இருந்த சொற்ப வாயு, கரி ஆறும் அந்த ஒரு மணி நேரத்தில், நல்ல கட்டங்களாகப் பார்த்து உட்கார்ந்து, ஈரத்தோடு சேர்ந்து கந்தகமாகி அங்கேயே உறைந்துவிட்டிருக்கிறது. பிறகு எத்தனை முறை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாலும் அது எழுந்து போகாது.

அப்படியானால் அந்த மூன்று?

பையைக் கவிழ்த்து பழைய நோட்டை எடுத்தான். தேதிகளைத் தடவிப் பார்த்தான். ஒன்று மாட்டுப்பொங்கல். ஒன்று ரம்ஜான் பண்டிகைக்கு மறுநாள். மூன்றாவது புனித வெள்ளி. கோயிலுக்கு வராமல் லேபுக்குப் போனான் என்று அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. கம்பெனி முழுசாக மூடிக் கிடந்த நாட்கள். தொட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வந்து கலக்காத நாட்கள்.

அந்த மூன்றும் கைத்தப்பு இல்லை. அந்த மூன்றுதான் சரி. மற்ற முப்பத்தொன்பதும் குப்பை.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவனுக்கு ஆடவேண்டும் போல இருந்தது. தன் மாடல் எட்டு வருடமும் சரியாகத்தான் இருந்திருக்கிறது! அடுத்த நிமிடம் மாடிப்படியில் உட்கார்ந்தான். முப்பத்தொன்பதில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கந்தகம் ஏறியது என்று இனி யாருக்குத் தெரியும்? புதிதாகச் செய்ய ஒரு மாதிரிக்கு நான்கு நாள். கையில் இருப்பது இரண்டு நாள்.

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன், லேபிலிருந்து எடுத்து வந்திருந்த ஈய அசிடேட் தாளில் ஒரு துண்டை நனைத்துத் தன் வீட்டு அடுப்படி ஜன்னலில் ஒட்டினான். அந்த வாயு பட்டால் பழுப்பாகி, பிறகு கறுக்கும் தாள் அது. வீடு கம்பெனியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்று வேண்டுமே, அதற்காகத்தான் ஒட்டினான். வேறு எண்ணம் இல்லை.

நயீம் அகமது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மேசைமேல் இருந்த கண்ணாடிக் கல்லை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“எழுதப்போறியா?”

“எழுதினாத்தான் பாய் அந்த மூணு சரின்னு நிரூபிக்க முடியும். லீவு நாள்ல சுத்தமா இருந்துச்சு, வேலை நாள்ல இல்ல. எந்த ஜன்னல், எந்தத் தொட்டின்னு சொல்லணும்.”

“தீசிஸ்னா நெட்ல போடுவாங்க இல்ல? யார் வேணா படிக்கலாம்?”

“ஆமா பாய்.”

“சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதேன். எங்க கெட்டுச்சுன்னு எதுக்கு?”

“எங்கன்னு சொல்லலைன்னா அது சாக்கு பாய். சொன்னாத்தான் காரணம்.”

நயீம் கல்லை நகர்த்துவதை நிறுத்தினார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: “எனக்கும்தான் நாத்தம் தெரியறதில்ல இன்பா. என் பேத்தி சென்னையில இருந்து வந்தா, ‘தாதா, உன் சட்டை நாறுது’ன்னு மடியில உட்கார மாட்டேங்குது. நீ சொல்றது பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது மொதலாளி கண்ணுல பட்டா திங்கட்கிழமை உன்னை உள்ள உட முடியாது. அதைத் தடுக்க என்னால ஆவாது. அப்புறம் பாய் சொல்லலியேன்னு நெனைக்காத.”

“நெனைக்க மாட்டேன் பாய்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பிரிசில்லா ஜன்னலுக்கு எதிரில் நின்றிருந்தாள்.

“இது இன்னா தாளு? காலையில வெள்ளையா இருந்துச்சு.”

டீத்தூள் கறை மாதிரி பழுப்பாகியிருந்தது. அவன் தாளைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“இங்கயுமா?”

“கொஞ்சம்தான். ஆள உடனே ஒண்ணும் பண்ணாது.”

“நான் ஒண்ணும் பண்ணுமான்னு கேக்கல. இங்கயுமான்னு கேட்டேன்.”

அவன் தலையாட்டினான். போன மாதம் அப்பா ஊசிப்போன மீன்குழம்பை வழித்துத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘வயசாயிடுச்சு, நாக்கு செத்துப்போச்சு’ என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இன்பராஜும் சிரித்தான்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து நான்காவது அத்தியாயத்தைத் திறந்தான். தலைப்பைத் தவிர எல்லாவற்றையும் அழித்தான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு சாவித்திரி மேடம் புது அத்தியாயத்தைப் படித்து முடித்தார். பதினொரு பக்கம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எழுத்து நல்லா இருக்கு. இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு. ஆனா மூணு பாயின்ட் வெச்சு ஒரு பி.எச்டி கேக்கறே.”

“சரியான மூணு பாயின்ட் மேடம்.”

“தெரியுது. இங்க பாரு. பழைய அத்தியாயம் என்கிட்ட இருக்கு. கீழ் அழுத்தத்துல இருக்கிற பாயின்ட்டை எல்லாம் எடுத்துடு. கட்டங்களோட எண்ணிக்கையை மாடல்லயே மாத்தக்கூடியதா வெச்சுடு. கோடு அழகாப் பொருந்தும். நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போடறேன். வேலையும் போவாது.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அந்த வழி அவனுக்கு முன்பே தெரியும். நேற்று முழுக்க மூளையின் ஓரத்தில் அது உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. கோடு பொருந்தும். பட்டம் வரும். அப்பா இன்னொரு சட்டம் வாங்கி மாட்டுவார்.

“அப்படிப் பண்ணா, இந்தக் கரி இவ்வளவுதான் புடிக்கும்னு ஒரு பொய் நம்பர் போவும் மேடம். நாளைக்கு அதைப் பார்த்து எவனாவது முகமூடிக்கு ஃபில்ட்டர் செய்வான்.”

“உன் தீசிஸைப் பார்த்தா?”

“யார் கண்டாங்க.”

மேடத்துக்குக் கோபம் வந்தது. கோபம் தன் மேலேயா அவன் மேலேயா என்று அவருக்கே தெரியாத மாதிரி பேனாவைத் தேடினார். அந்த மூன்றையும் தூக்கச் சொன்னவர் அவர்தான். அதை அவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இது மாணவனின் சொந்த வேலை என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டைக் கமிட்டிக்கு அனுப்ப மேலே வைக்கும் அனுப்புகைத் தாளின் குறிப்புப் பகுதியில் மட்டும் நிறுத்தி நிதானமாக ஒரு வரி எழுதினார்: ‘நான்காம் அத்தியாய முடிவுகளுக்குத் தரவு போதாது. பரிந்துரைக்க இயலவில்லை.’

“இதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது. நீயும் சொல்ல மாட்டேங்கறே. ஓடு, மணி மூணே கால்.”

ஆபீஸில் வரிசை இல்லை. குமாஸ்தா பக்கங்களை எண்ணி, முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார். அனுப்புகைத் தாளை அவர் படிக்கவே இல்லை. “கங்கிராட்ஸ் டாக்டர் சார்” என்று கை நீட்டினார். இன்பராஜ் கை கொடுத்தான். வேறு என்ன செய்வது? பையைத் திறந்தபோது, காலையில் பிரிசில்லா சொல்லாமல் கொள்ளாமல் வைத்திருந்த மக்கன் பேடா டப்பா கையில் தட்டுப்பட்டது. தீசிஸ் கொடுத்தவர்கள் ஆபீஸுக்கு இனிப்புக் கொடுக்காமல் அந்தக் கல்லூரியை விட்டுப் போனதில்லை. அதையும் செய்தான். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்டார்கள்.

வராந்தாவில் நசீமுன்னிசா அக்கா எதிரே வந்தார். “என்னை உட்டுட்டுத் தின்றீங்களா?” என்று டப்பாவுக்குள் கையை விட்டவர், அவன் கையில் இருந்த அனுப்புகைத் தாளின் நகலைப் பார்த்தார். அந்தக் கடைசி வரியைப் படித்தார். எடுத்த பேடா விரல்களுக்கிடையே நின்றது.

“இது... பாஸ் ஆவாதா?”

“கமிட்டி பார்க்கும்க்கா. மேடமே வேணாம்னு எழுதினதை யார் எடுப்பாங்க?”

“அப்ப எதுக்குப்பா குடுத்தே?”

“வேற எது குடுக்கறது? இதுதான் என்கிட்ட இருந்துச்சு.”

அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “திங்கட்கிழமையிலிருந்து காலையில எட்டுலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் மிஷின் சும்மாதான் கெடக்கும். நல்ல கரியா கொண்டா. முப்பத்தொம்பதையும் திரும்பப் போட்டுடலாம். நான் மேடம்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“மிஷின் இருக்குதுக்கா. அந்த வாயுவைத் திறக்க ஒரு லேப் வேணுமே. தொட்டியைப் பத்தி எழுதிட்டேன், இனி கம்பெனிக்குள்ள உட மாட்டாங்க. லேப் சாவியை இன்னைக்கே நயீம் பாய்கிட்ட குடுத்துடணும்.”

அக்கா பேடாவை வாயில் போடவும் முடியாமல் திரும்ப வைக்கவும் முடியாமல் நின்றார். இன்பராஜ் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நாலரை மணி பேரணாம்பட்டுப் பேருந்தைப் பிடிக்கப் படியிறங்கினான். சாவியை இருட்டுவதற்குள் கொடுக்க வேண்டும்.